மருமகளுக்காக இரண்டு வார்த்தை

ஆங்கில வகுப்பு முடிந்தும் அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், என் மருமகளுக்குத் தமிழ் வராது. பெட்டியைக் கட்டுறா, மறுபடி பிரிச்சு வைக்கிறா. அவகிட்ட நான் பேசியே ஆகணும். கன்வின்ஸ், பர்சுவேட், ரெண்டுல எது வேணும் எனக்கு?"

"கன்வின்ஸ்னா நம்ப வைக்கிறது. பர்சுவேட்னா பேசிப் பேசியே ஒண்ணைச் செய்ய வைக்கிறது."

"அப்ப ரெண்டும்தான் வேணும்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "போகணும்னு நினைக்கிற பொண்ணை உங்க பையனுக்காக இழுத்துப் பிடிக்காதீங்கம்மா."

"இழுத்துப் பிடிக்கவா? கை நீட்டுறவன் என் புள்ள, டீச்சர். தப்பு அவ மேல இல்லைன்னு முதல்ல நம்ப வைக்கணும். அப்புறம் கிளம்ப வைக்கணும்."

அம்மாள் பென்சிலை எடுத்தாள்.

"கூடவே வந்து பெட்டியை நான் தூக்குறேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"