416-ம் நம்பர் பிசின்

லீலாவதியின் ஐஸ்கிரீமில் மரப்பிசின் கலந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டவர் வேறு யாருமில்லை, கோயில் செயலாளர் சத்தியசீலன்தான்.

திருவிழாவுக்கு இன்னும் ஆறே நாள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் அவள் கடை போடாத வருஷமில்லை. அந்த மூன்று நாள் வியாபாரத்தை நம்பித்தான் மகள் ரூபினியின் படிப்பே ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. லீலாவதியின் குப்பைத்தொட்டியில் பொறுக்கிய காலிப் பாக்கெட்டைச் சத்தியசீலன் மேசைமேல் வைத்தார், போலீஸ்காரர் கத்தியை வைப்பதுபோல.

"கராயா பிசின். நம்பர் நானூத்திப் பதினாறு. மரத்துல வடியுறது. நம்ம பிள்ளைங்க குடல் ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

லீலாவதி பதறவில்லை. அது இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் மணல் மாதிரி நறநறக்கும், ஒரு வாளிக்கு ஒரு சிட்டிகைதான் என்றாள். ரூபினி அச்செடுத்துக் கொடுத்த தாளையும் நீட்டினாள். அனைத்துலக நிபுணர்கள் கூடி ஆராய்ந்திருக்கிறார்களாம். மனிதர்கள் ஒரு நாளைக்கு ஏழு கிராம் வரை தின்று பார்த்தும் தாங்கிக்கொண்டார்களாம். சிலருக்கு மட்டும் வயிறு கொஞ்சம் சங்கடம் செய்ததாம்.

"எனக்கு வெறும் சோத்துக்கே சங்கடம் செய்யுது லா" என்றார் உறுப்பினர் சோமு.

தலைவர் உமாபதி நியாயஸ்தர். தாளை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது, நாமே சோதித்துவிடுவோம் என்றார். தலைவர், சோமு, பொருளாளர் கணேஸ்வரன் மூவரும் ஆளுக்கு இரண்டு கப் ரோஸ் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு அரைமணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் விழவில்லை. ரோஸுக்கு வந்த முடிவு மாம்பழத்துக்குப் பொருந்தாது என்று தலைவருக்குத் தோன்றவே, மாம்பழமும் ஆராயப்பட்டது. 'மாம்பழம்: பாதிப்பு இல்லை. உறுதிப்படுத்த இன்னும் ஒரு கப் தேவை' என்று மினிட் புத்தகத்தில் எழுதினார் கணேஸ்வரன்.

சத்தியசீலன் மட்டும் கரண்டியைத் தொடவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"தினசரி அளவுன்னு ஒண்ணு வைக்கத் தேவையில்லைன்னு போட்டிருக்கு. அப்படின்னா அவங்களுக்கே அளவு தெரியல."

"பயம் இல்லாததுனாலதாண்ணே அளவு வைக்கல" என்றாள் லீலாவதி.

"தண்ணிக்கே டாக்டர் அளவு வைக்கிறாரு. பிசினுக்கு இல்லையாம்." சபையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். திருவிழா மைக்கில் பேசிப் பழகிய குரல். "அம்மா சன்னிதியில நின்னு கேக்கறேன். மானமுள்ளவன் எவனாச்சும் பிசினை வாயில வைப்பானா?"

வாயில் கரண்டியோடு இருந்த மூவரும் மெதுவாக அதை வெளியே எடுத்தார்கள்.

லீலாவதி அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "சரிண்ணே, இந்த வருஷம் நான் கடை போடல" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் சத்தியசீலனுக்கே திருப்தியில்லை. வேன் வரைக்கும் பின்னாலேயே போனார். பொதுநலத்துக்காகத்தான் பேசினேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். உள்ளே என்னமோ சொல்ல வந்தாயே, அது என்ன என்று கேட்டார்.

வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. லீலாவதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"செகிஞ்சான் மருந்துக் கடையில வெள்ளிக்கிழமையில நான்தாண்ணே சாமான் அடுக்கறேன்."

நம்மாட்கள் கண்ணில் படக் கூடாதென்றே சீனர்கள் நிறைந்த செகிஞ்சானைத் தேடிப்பிடித்து, தொப்பியும் முகக்கவசமுமாகப் போய்வருகிறவர் சத்தியசீலன்.

"குரலை மறைக்க முடியுமாண்ணே? பொய்ப்பல்லு ஒட்டுற மாவு வாங்குறீங்களே, அந்த டப்பாவுக்குப் பின்னாடி என்னா போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க. இதே கராயா பிசின்தான்."

அவர் சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"இந்த வயசுலயும் கரும்பு கடிக்கிறாருன்னு ஊரே உங்க பல்லைப் பத்திப் பெருமையா பேசுது. அதைப் போட்டு உடைச்சு நான் கடை போடணுமா? போங்கண்ணே, மைக் டெஸ்டிங்குக்கு ஆளு வந்திருக்காங்க."

வேனுக்குள் பெட்டியை ஏற்றத் தொடங்கினாள்.

சத்தியசீலன் மண்டபத்துக்குத் திரும்பினார். கடைசி மாம்பழக் கப்பில் மும்முரமாக இருந்த தலைவரிடம், லீலாவதி கடை இல்லை என்று எழுதிய மினிட்டை அடித்துவிடச் சொன்னார். அந்தப் பிசினால் ஒரு கெடுதலும் இல்லை, லீலாவதி கடை போடட்டும் என்றார்.

"என்னா செயலாளரே, இப்பத்தானே குடலு ஒட்டிக்கும்னீங்க?" என்றார் தலைவர்.

"ஒருத்தர் பதினோரு வருஷமா தினமும் அதை வாயிலயே வச்சிருக்காரு. ஒண்ணும் ஆகல."

"யாரு அது? இதுவும் வாட்ஸ்அப்புல வந்ததா?" என்றார் சோமு.

"ஆதாரம் வேணும்" என்றார் உமாபதி கண்டிப்பாக. "ஆதாரம் இல்லாம மினிட்டை அடிக்க முடியாது."

வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. சத்தியசீலன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். பிறகு, பதினோரு வருஷமாக ஊருக்குக் காட்டிச் சிரித்த பல்வரிசையை, மேலொன்றும் கீழொன்றுமாகக் கழற்றி அதன்மேல் வைத்தார்.