புருவம் சொன்ன பதில்

ஜன்னல் வெயில் என் ஆறு வயதுப் பேத்தியின் முழங்காலில் விழுகிறது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று காது பரிசோதிக்கும் பெண்மணி சின்ன மணியை ஆட்டுகிறார். பேத்தியின் கை சட்டென்று உயர்கிறது. எதிர் நாற்காலியில் நான். என் புருவம் ஏறினால் ஓடுகிற பஸ்ஸே நின்றுவிடும் என்று சைகையிலேயே இவளுக்குக் கதை அளந்து வளர்த்தவன். புருவத்துக்குப் பழக்கதோஷம்: மணி ஒலித்தால் ஏறுகிறது, உடனே அவள் கையும் ஏறுகிறது. "நல்லாவே கேக்குதும்மா. காது கேளாத பிள்ளைங்க வகுப்பு இவளுக்குத் தேவையில்ல." பரிசோதிப்பவரின் பேனா திறக்கிறது. அந்த வகுப்பில் ஓர் இடத்துக்காக எட்டு மாதம் அலைந்த என் மகள் அந்தப் பேனாவை நோக்கிக் கை நீட்டுகிறாள். அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. "எழுதாதீங்கம்மா. மணிச்சத்தம் கேட்டது எனக்கு. அவ என் புருவத்தைப் பாத்துத்தான் கையத் தூக்குறா." "ஐயோ அப்பா, இங்க வந்துமா உங்க வித்தை?" பரிசோதிப்பவர் சிரிக்காமல் பேத்தியின் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறார். மணி மூன்று முறை ஒலிக்கிறது. கை மடியிலேயே கிடக்கிறது. "சரி, வகுப்புக்கு எழுதிடறேன்." மகள் மூச்சு விடுகிறாள். பேத்தி மட்டும், என்ன தப்பு செய்தோம் என்பதுபோல், திரும்பி என் முகத்தைத் தேடுகிறாள். நான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறேன்.