எங்க வம்சத்துல கிடையாது

"எங்க வம்சத்துல இந்த மாதிரி யாருக்கும் கிடையாது டாக்டர். நீங்க அவ பக்கம் நல்லா விசாரிங்க!"

மாமியார் போட்ட சத்தத்தில், மருமகளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பேத்தி திடுக்கிட்டுச் சிணுங்கினாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மேஜைமேல் பெரிய தாளை விரித்துக் குடும்பப் படம் வரைந்துகொண்டிருந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், உறவுக்குக் கோடு. குழந்தைக்கு வரும் வலிப்பு பரம்பரையாக வருவதா என்று பார்க்க மூன்று தலைமுறை விவரம் வேண்டுமாம்.

"உங்ககூடப் பிறந்தவங்க?"

"யாருமில்ல. நான் ஒரே பொண்ணு" என்றாள் மாமியார் பட்டென்று.

"ஆமா டாக்டர், எனக்குத் தாய்மாமனே கிடையாது" என்று மகனும் ஒத்து ஊதினான்.

டாக்டர் மேற்கொண்டு துருவவில்லை. மருமகளிடம் திரும்பினார். "உங்க பக்கம்?"

"அப்பா, சித்தப்பா, பெரியம்மா எல்லாரையும் கேட்டுட்டேன். யாருக்கும் இல்ல டாக்டர்."

"இருந்தா மட்டும் சொல்லிடுவாங்களாக்கும்! மூடி மறைச்சுதானே எங்க தலையில கட்டினாங்க."

மருமகள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மகன் செல்போனைப் பார்த்தான். இந்த மாதிரி நேரத்தில் பார்க்கத்தானே அது இருக்கிறது!

"யாரையும் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கலம்மா" என்றார் டாக்டர். "தெரிஞ்சாதான் எந்த டெஸ்ட், எந்த மருந்துன்னு சீக்கிரம் முடிவு பண்ண முடியும். இல்லேன்னா குழந்தைதான் கஷ்டப்படும்."

வெளியே வராந்தாவில் மருமகள் டீ வாங்கி வந்து நீட்டினாள். "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலையே அத்தை. இதையாவது குடிங்க."

மாமியார் டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். தூங்கும் பேத்தியையே பார்த்தாள். சட்டென்று எழுந்தாள்.

"கண்ணாடியை உள்ளே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

கண்ணாடி மூக்கின்மேலேயே இருந்தது. "சரி அத்தை" என்றாள் மருமகள்.

உள்ளே போன மாமியார் உட்காரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கும் இதேதான். என் கல்யாணப் பேச்சு வந்தப்ப அவனைப் பின்னால ரூம்ல வெச்சுப் பூட்டினாங்க. ஒரே பொண்ணுன்னு நானும் தலையாட்டினேன். கல்யாணமான மறு வருஷமே போயிட்டான். என் பையனுக்கே தெரியாது. இப்ப பழியை அவ தலையில போட்டுட்டேனே, நானெல்லாம் ஒரு மனுஷியா?"

டாக்டர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்கம்மா. உங்க மருமக நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. 'அத்தை தானா சொன்னாச் சொல்லட்டும், அவங்க பையன் எதிர்ல துருவித் துருவிக் கேட்டுடாதீங்க'ன்னு கெஞ்சினாங்க."

"அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் போட்டோகூட எங்க வீட்டுல கிடையாதே!"

"குழந்தைக்கு முதல்ல வலிப்பு வந்த அன்னிக்கு எல்லாரும் பதறி நின்னாங்களாம். நீங்கதான் அவளை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முதுகைத் தடவி, 'பயப்படாதடா தம்பி, அக்கா இருக்கேன்'னு சொன்னீங்களாம்."