மஞ்சள் தண்ணீர்

கோயில் வேப்பமரத்தில் ஒரு கிடாக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். வழியில் கத்தாமல் வரட்டும் என்று தாயாட்டையும் கூடவே ஓட்டி வந்திருந்தார்கள்.

"மஞ்சள் தண்ணி ஊத்துவாங்க. உடம்பைச் சிலுப்பிடாதே. சிலுப்பினா சாமி உத்தரவு குடுத்துட்டதா நெனச்சு வெட்டிடுவாங்க" என்றது தாய்.

"சாமி நெசமாவே இருக்காம்மா?"

"உன் அண்ணனுக்காகக் கும்பிட்டுப் பாத்தேன். அதோட விட்டுட்டேன். நீ அசையாம நில்லு, போதும்."

பூசாரி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். அது காதுக்குள் இறங்கியது. குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் ஊற்றினார். அப்போதும் அசையவில்லை.

கிடா நேர்ந்திருந்த பேச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன குறை வெச்சோம், ஆத்தா?" என்று அழுதார்.

அவர் தம்பி தங்கராசுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. "இல்லாத சாமிகிட்ட எதுக்குண்ணே உத்தரவு? சும்மா வெட்டுங்க, மசாலா அரைச்சாச்சு" என்று சிரித்தான்.

"வாயை மூடுடா. ஆத்தா வேண்டாம்னுட்டா, நான் கத்தி வைக்க மாட்டேன்."

பேச்சிமுத்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். குட்டி ஓடிப்போய்த் தாயின் வயிற்றில் முகத்தைப் புதைத்தது.

"நான் அசையவே இல்ல. பாத்தியாம்மா?"

"பாத்தேன்டா ராசா." தாய் அதன் ஈரக் காதை நக்கிக் கொடுத்தது.

குட்டி தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது.

பெண்கள் குலவையிட்டார்கள். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று பேச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். தங்கராசு இலை அறுக்க எழுந்து போனான்.

"கூசிருச்சும்மா" என்றது குட்டி, மறுபடியும் கயிற்றைக் கட்டும்போது.

தாயின் நாக்கில் மஞ்சள் கசந்துகொண்டே இருந்தது.