ஜன்னலுக்கு வெளியே ஒரு கொக்கி
கேமராக் கடையின் மாடி ஜன்னலில் சாயங்கால வெயில் சரிந்து விழுகிறது. "இந்த விலைக்கு இவ்வளவு ஜூம் வேற எதுலயும் கிடைக்காதுக்கா. தூரத்துல எதையாவது பாருங்க," என்கிறான் விற்பனையாளன். மகளின் நாடகத்தைக் கடைசி வரிசையிலிருந்து படமெடுக்க வேண்டும் என்று வந்திருக்கும் பெயிண்டரின் மனைவி, கேமராவை ஜன்னல் திட்டில் ஊன்றி, தெருக்கோடியில் எழும்பும் கட்டடத்தின் பக்கம் திருப்புகிறாள். அங்கேதான் அவள் கணவனுக்கு வேலை. பொத்தானை அழுத்த அழுத்த லென்ஸ் மெல்ல முனகிக்கொண்டு நீள்கிறது. சாரத்தின் உச்சியில் எறும்பாய்த் தெரிந்தவன் திரை நிறைய நிற்கிறான். படம் கொஞ்சம் நடுங்குகிறது, நிறமும் வெளுத்திருக்கிறது. ஆனாலும் அவன் இடுப்புக் கயிற்றின் கொக்கி எதிலும் மாட்டாமல் காற்றில் ஆடுவது நன்றாகவே தெரிகிறது.

அவள் ஒரு கையால் கேமராவைப் பிடித்தபடியே மறு கையால் போனை எடுத்து அவனை அழைக்கிறாள்.

"கயிறு மாட்டியிருக்கீங்கதானே?"

"மாட்டாம இருப்பேனா? தினமும் இதே கேள்வியாடி?"

திரையில் அவன் சிரிக்கிறான். ஒரு கையில் பிரஷ், மறு கையில் போன். கம்பியைப் பிடிக்கக் கையே இல்லை. தான் அழைத்ததால்தான் அந்தக் கை கம்பியை விட்டது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. கத்த வந்த வாயை மூடிக்கொள்கிறாள். கத்தினால் திடுக்கிட்டுத் திரும்புவான்.

"சரிங்க, போனை உள்ள வச்சிட்டு வேலையைப் பாருங்க," என்கிறாள், குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிற குரலில்.

அவன் போனைப் பையில் போட்டுவிட்டு, எதையும் பிடிக்காமலே பெயிண்ட் டப்பாவுக்கு எட்டிக் குனிகிறான்.

"என்னக்கா, பிடிச்சிருக்கா?" விற்பனையாளன் கேமராவுக்குக் கை நீட்டுகிறான்.

"கொஞ்சம் பொறுங்க," என்கிறாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் கீழ இறங்கிடட்டும்."