கிரேனின் நாலாவது கால்

"அந்த இடத்துல கால் ஊன மாட்டேன் பாஸ். கீழ அங்கம்மா படுத்திருக்கா."

சொல்லிவிட்டு கிரேனை விட்டு இறங்கினார் ஜெயபாலன். சைட் இன்ஜினியர் ரூபேந்திரனுக்குக் கோபம் தலைக்கேறியது. இருபது வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன் பட்டப்பகலில் பேய்க்கதை சொன்னால் யாருக்குத்தான் வராது?

"எந்தச் சேத்துலயும் போற கிரேன்தானேண்ணே இது? இன்னைக்கே பாலத்துக்கு பீம் ஏத்தணும் லா!"

"போகும் பாஸ். ஆனா தூக்கும்போது நாலு காலும் ஊனி நிக்கணும். மூணு ஊனிட்டேன். நாலாவதை வச்சா கீழ முனகுது."

லாயாங் லாயாங் என்ற ஊரின் செம்பனைத் தோட்டத்து ஓரம் அது. மழை விட்டிருந்தது. ஒரு மட்டைகூட அசையவில்லை. பீமுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டிய குணாளன் மெல்லப் பின்வாங்கினான்.

"யாருண்ணே அங்கம்மா?" என்றான்.

"அந்தக் காலத்துல இங்க ரப்பர் பால்மரம் வெட்டுன பொம்பள. இங்கதான் சேத்துக்குள்ள போனாளாம். கடைசி வரைக்கும் உடம்பு கிடைக்கல."

"சும்மா பயங்காட்டாதீங்க. ஏறுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்," என்றார் ரூபேந்திரன்.

ஜெயபாலன் ஏறி, நாலாவது காலை இரும்புத் தகட்டின்மேல் மெதுவாக இறக்கினார். ரூபேந்திரன் குனிந்து காது கொடுத்தார்.

"ம்ம்ம்... ம்ம்ம்..."

மூச்சு முட்டி யாரோ முனகுவது போலவே இருந்தது. தகட்டோரம் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்தது.

"அலமாக்!" படித்த இன்ஜினியர் பத்தடி தள்ளிப் போய் நின்றார். "எடுங்கண்ணே, காலை எடுங்க! கிரேனை ரோட்டோரம் கொண்டு போயிடுங்க. பீமை அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அந்த இடமே உள்வாங்கியிருந்தது. ஒரு வேன் முழுசாக மறையும் அளவுக்குப் பள்ளம்.

"நேத்து தூக்கியிருந்தா கிரேன் என் மேலதான் சாஞ்சிருக்கும்," என்றான் குணாளன்.

ரூபேந்திரன் பள்ளத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அங்கம்மா காப்பாத்திட்டாண்ணே! ஒரு சேவல் அறுத்துப் படையல் போட்டுடலாம்."

"அங்கம்மான்னு யாரும் இல்ல பாஸ். இது தூர்த்த குட்டை. முனகுனது அடியில இருந்த சேறும் தண்ணியும்."

"அப்ப அதை எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மண்ணு தாங்காதுன்னு மூணு தடவை வாட்ஸ்அப்புல போட்டேன். மூணு தடவையும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்புனீங்க."

ரூபேந்திரன் போனை எடுத்து வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தார்.

"மனுஷன் சொல்லி வேலை நிக்கல பாஸ். அதான் பேயைக் கூப்பிட்டேன்."