வாசலில் உட்கார்ந்த ஆலோசகர்

"பட்டறைக்கு உதவி பண்ண ஆள் அனுப்பறோம்னீங்க. டீ குடிக்க ஆள் அனுப்பியிருக்கீங்களே மேடம், இது நியாயமா?"

தம்யாத் ஊரின் சிறுதொழில் உதவி அலுவலகத்தில், இன்ஷிரா மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார் பயூமி. நாற்காலி செய்கிறவர்; கைத்தொழில் ஆசானை அங்கே 'உஸ்தா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் பட்டறைக்கு முதலாளியும் அவர்தான், தச்சரும் அவர்தான்.

"முதல்ல உட்காருங்க உஸ்தா. யாரைச் சொல்றீங்க, எங்க ஆலோசகர் வஜ்தி சாரையா?"

"அவரேதான். வந்த முதல் நாள் காலையில மட்டும் உள்ளே நின்னு என் வேலையைப் பார்த்தார். மத்தியானமே ஒரு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல போட்டவர்தான். ரெண்டு வாரமா அங்கேதான் குடித்தனம்."

"வாசல்ல உட்கார்ந்து என்ன பண்ணார்?"

"வர்றவன் போறவனோட எல்லாம் அரட்டை. என் அடுப்புலயே டீ போட்டு, என் சர்க்கரையையே அள்ளிப் போட்டு, ஆளுக்கு ஒரு கிளாஸ், தனக்கு ஒரு கிளாஸ். பக்கத்துக் கடை மெத்வல்லி ஹாஜியார் வருவார், வார்னிஷ் கடைக்காரர் வருவார், பொண்ணு கல்யாணத்துக்கு சோபா பார்க்கறேன்னு யாராவது மாமன் மச்சான் வருவான். ஒருத்தரையும் விடறதில்லை. அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கறப்பல்லாம் இங்கே எனக்கு வயிறு எரியும்."

எரியாமல் என்ன செய்யும்? பாவம், மனுஷன் அப்போது கத்தி முனையில் நின்றிருந்தார். நாள் தவறி, நாள் தவறி, இரண்டு கடைக்காரர்கள் அவரைக் கைகழுவியிருந்தார்கள். மன்சூரா ஊர்க் கடைக்கான சாப்பாட்டு மேஜை நாற்காலிகளும் தாமதமாகியிருந்தால், பட்டறையை இழுத்து மூடிவிட்டு மச்சினனின் தொழிற்சாலைக்குக் கூலி வேலைக்குப் போயிருக்க வேண்டியதுதான்.

"மன்சூரா சரக்கு என்னாச்சு உஸ்தா?"

"நேத்து லாரி ஏறிடுச்சு. சொன்ன தேதிக்கு முன்னாடியே. ஆண்டவனுக்கு நன்றி."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? அத்தனையும் இந்தக் கை இழைச்சது மேடம்! அவர் ஒரு உளியை எடுத்து நீட்டினவர் இல்லை. இனிமே யார் பட்டறைக்கும் அந்த ஆளை அனுப்பாதீங்க, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இன்ஷிரா மேடம் அவர் கையைச் சுட்டிக் காட்டினார்.

"இதே கைதானே போன தடவையும் இழைச்சது? அப்போ ஏன் தாமதமாச்சு?"

"எங்கே மேடம் வேலை பார்க்க விட்டாங்க? ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்துட்டே இருப்பாங்க. எங்கப்பா காலத்துலேருந்து எங்க வாசலுக்கு வந்தவன் டீ குடிக்காமப் போனதில்லை. தனியா குடிக்கவும் விட மாட்டோம், கூட உட்கார்ந்து நாமும் குடிக்கணும். 'வர்றவங்களைச் சாயங்காலமா வரச் சொல்லலாமே'ன்னு வஜ்தி சார்கூடக் கேட்டார். 'வேற எதை வேணா சொல்லுங்க சார், இதை மட்டும் சொல்லாதீங்க'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்."

"இந்த ரெண்டு வாரமும் அதே ஆளுங்க வந்தாங்களே, நீங்க எழுந்து போய் அவங்களோட உட்காரலையா?"

"நான் எதுக்குப் போகணும்? அவர்தான் எங்க வீட்டு ஆள் மாதிரி எல்லாரையும் உட்கார வச்சு உபசாரம் பண்ணிட்டிருந்தாரே. ஒருத்தருக்கும் ஒரு மனக்குறை இல்லை. நான் பாட்டுக்கு உள்ளே இழைச்சிட்டு..."

பயூமியின் வாய் அப்படியே நின்றுபோனது.

பயூமி தலையில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"அட ஆண்டவனே... இந்த மனுஷனையா நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்? என் பட்டறையும் பிழைச்சுது, எங்கப்பா பேரும் பிழைச்சுது. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்!"

"சொல்லியிருந்தா அவரை வாசல்ல உட்கார விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்தான். என் விருந்தாளியை நான்தான் கவனிப்பேன்னு குதிச்சிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் பேசினதை மறந்துடுங்க. எனக்குக் கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செஞ்சதில்லை. இன்னைக்கே அவரை வீட்டுக்குக் கூப்பிடறேன். உள்ளே, நடுக்கூடத்துல உட்கார வச்சு, என் கையாலேயே புதினா போட்டுத் திக்கா ஒரு டீ கொடுத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

இன்ஷிரா மேடம் கொஞ்சம் தயங்கிவிட்டு, மெல்லச் சொன்னார்: "பால் கொடுங்க உஸ்தா. அவருக்கு வயித்துப்புண். டீயைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு."